ஈறில் வந்த ரத்தம்

குழாய்க்காரனுக்கு உலகத்தில் தெரிந்த ஒரே நோய் கசிவுதான். சுவரில் ஈரம் பூத்தால் கசிவு, மோட்டார் ஓயாமல் ஓடினால் கசிவு, ஒருவன் முகம் வாடியிருந்தால்கூட "வீட்டுல எங்கயோ கசியுது போல" என்பான். அடுத்தவர் வீட்டுச் சுவரில் காதை வைத்து, தண்ணீர் எந்த மூலையில் ஒழுகுகிறது என்று சொல்லக்கூடிய ஆள். ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். அந்த இடத்தில் உடைத்துப் பார்த்தால் ஈரம் இருக்கும். இந்தக் கெட்டிக்காரத்தனம்தான் கடைசியில் அவனுக்கு எமனாக வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவனுக்குக்கூட இல்லை, அவன் தங்கைக்கு.

அவளை அவன் 'பொடிசு' என்றுதான் கூப்பிடுவான். முப்பது வயதைத் தாண்டி, புருஷனும் குடும்பமுமாக இருப்பவளை நாலு பேர் நடுவில் பொடிசு என்று கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் வரும். ஆனாலும் திரும்பிப் பார்ப்பாள். கண்ணாடிக் கடையில் வேலை. பொருந்தாத ஃப்ரேமை "உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. "இது போட்டா உங்க மூக்கு மட்டும்தாங்க தெரியும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். முதலாளிக்கு அவளைப் பிடிக்காது. வாடிக்கையாளர்களோ அவள் விடுமுறை என்று தெரிந்தால் திரும்பிப் போய்விடுவார்கள். புருஷன் பேருந்து ஓட்டுநர். குழாய்க்காரனுக்குக் கல்யாணப் பேச்சு ஓரிரு முறை வந்து, வந்த வழியே போய்விட்டது. தங்கை வீட்டு மாடியறையில் இருந்தான். சாப்பாடு, சண்டை, கேலி எல்லாம் கீழே.

பொடிசுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் பாதி நாள் மருத்துவமனை நாற்காலியில் சாய்ந்து, ரத்தத்தை எந்திரத்துக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். முதலில் இடது கையில் ஊசி குத்தினார்கள். அந்த ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. பிறகு வலது கை, அதுவும் அடைத்தது. அதன்பின் கழுத்தில் ஒரு குழாயைச் செருகி வைத்தார்கள். அந்தக் குழாய் வழியாக ஒரு தடவை கிருமி உள்ளே போய், உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிற குளிர்காய்ச்சல் வந்து, அவள் பிழைத்து எழுந்ததே பெரும்பாடு. "இன்னொரு தடவை இப்படி வந்தா இவங்க இதயம் தாங்காது. அதுக்குள்ள சிறுநீரகம் மாத்திடணும்" என்று பெரிய டாக்டர் சொன்னார்.

புருஷனின் ரத்தம் அவளுக்குச் சேரவில்லை. அண்ணனுடையது சேர்ந்தது. சேர்ந்தது என்று கேட்டதும் குழாய்க்காரன் பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி வீட்டுக்கு வந்தான்.

"ஒண்ணு எனக்குக் குடுத்துட்டா உனக்கு ஒண்ணுதானேண்ணே இருக்கும்" என்றாள் பொடிசு.

"ஒரு வீட்டுக்கு ஒரு மோட்டார் போதும். ரெண்டு வைக்கிறவன் பகட்டுக்கு வைக்கிறான்."

"ரிப்பேரானா?"

"நான்தான் இருக்கேன்ல, ரிப்பேர் பாக்க."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போது கழுத்துக் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையைப் பார்க்க மாட்டாமல் அவன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான்.

பரிசோதனைகள் ஆரம்பித்தன. பெரிய டாக்டர் முதலில் கேட்டது சிகரெட்டைப் பற்றி. குழாய்க்காரன் மறைக்கவில்லை. வேலை தொடங்குமுன் ஒன்று, தண்ணீர் வந்ததும் ஒன்று, வராவிட்டால் இரண்டு என்று எல்லாவற்றையும் சொன்னான்.

"இன்னையோட விடணும். மயக்கம் குடுக்கும்போது நுரையீரல் மக்கர் பண்ணும், ரத்தம் கட்டும். நடுவுல திரும்பப் பிடிச்சீங்கன்னா தேதியைக் கேன்சல் பண்ணிடுவேன். எனக்கு அவங்க உசுரு முக்கியம், உங்க உசுரும் முக்கியம்" என்றார் அவர்.

மருத்துவமனை வாசலிலேயே பாக்கெட்டைச் சாக்கடை மூடியின் ஓட்டை வழியாக உள்ளே போட்டான். சாக்கடையில் குப்பை போடுகிறவர்களைக் காலமெல்லாம் திட்டியவன் அன்று அதைச் செய்தான். அதன் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நாட்களை ஓட்டினான். கடித்த பல்தான் சரியில்லை என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

கடைசியாக வந்தது வாய்ப் பரிசோதனை. வாயில் கிருமி குடியிருந்தால் அறுவை சிகிச்சை சமயத்தில் அது ரத்தத்தில் இறங்கி வம்பு செய்யும், பல் டாக்டரிடம் போய் வாய் சுத்தம் என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடைக்கு மேலே, ஒரு டாக்டரம்மா தனியாக மருத்துவமனை வைத்திருந்தார். ஒரே நாற்காலி, ஒரே விளக்கு, சுவரில் ஒரு பெரிய பல்லின் படம். டாக்டரம்மா அவனைச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, திறந்த வாயிடமே கேள்வி கேட்டார். பல் டாக்டர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு.

"சிகரெட் பழக்கம் உண்டா?"

விட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஆமாம் என்றால் இந்தம்மா எங்காவது எழுதிவைக்கும், பெரிய டாக்டர் அதைப் படிப்பார், இன்னும் விடவில்லை போல என்று நினைப்பார். குழாய்க்காரன் தலையை இடவலமாக ஆட்டினான்.

"பல்லுல இவ்வளவு கறை இருக்கே. டீ நிறைய குடிப்பீங்களோ?"

"வேலை பாக்குற வீட்டுல எல்லாம் குடுப்பாங்கம்மா. வேண்டாம்னா கோச்சுக்குவாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. டாக்டரம்மா மெல்லிய அளவுக்கம்பி ஒன்றை எடுத்து, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி, ஒவ்வொரு பல்லாக அளந்துகொண்டு வந்தார். அளக்க அளக்க அவர் முகம் மாறியது.

"ஈறு பல்லோட ஒட்டி இருக்கணும். உங்களுக்குப் பிரிஞ்சு, குழி விழுந்திருக்கு. ரெண்டு மூணு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய எடத்துல ஆறு ஏழு போகுது. உள்ள காரை கட்டியிருக்கு. காரை பூராவும் கிருமி. அந்தக் கிருமியோட சண்டை போடுறேன்னு உங்க உடம்பே பல்லைத் தாங்குற எலும்பைக் கரைச்சுக்கிட்டிருக்கு."

"வலிக்கவே இல்லையேம்மா."

"வலிக்காது. வலிச்சா ஆரம்பத்துலயே வந்திருப்பீங்க." அவர் கம்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஆனா ஒண்ணு ஆச்சரியமா இருக்கு. இவ்வளவு ஆழத்துக்குத் தொட்டாலே ரத்தம் வரணும். உங்களுக்கு அவ்வளவா வரல."

குழாய்க்காரன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். டாக்டரம்மா தொடர்ந்தார்: சில நடைகளில் ஆழமாகச் சுத்தம் செய்வார், பிறகு ஈறு ஆறுவதற்கு நேரம் கொடுத்து மறுபடி அளப்பார். "குழி குறைஞ்சு, ரத்தம் சீழ் ஒண்ணும் இல்லேன்னா ஆபரேஷனுக்குச் சரின்னு சொல்லிடுவேன். தொட்டதும் ரத்தம் வந்தா கிருமி இன்னும் உள்ள இருக்குன்னு அர்த்தம்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். ரத்தம் வந்தால் பொடிசுக்குச் சிறுநீரகம் இல்லை. ரத்தம் வராவிட்டால் உண்டு. அவ்வளவுதான் கணக்கு.

சுத்தம் செய்யும்போது மரத்துப்போக ஊசி போட்டார்கள். வலி தெரியவில்லை, சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டது. கரகரவென்று சுரண்டுகிற சத்தம். அது குழாய்க்காரனுக்குப் பழக்கமான சத்தம். பழைய இரும்புக் குழாயை எடுத்தால் உள்ளே உப்பும் துருவும் விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். விவரம் தெரியாதவன் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்வான். மறுநாள் குழாய் பத்து இடத்தில் பீறிடும். ஏனென்றால் இரும்பு எப்போதோ அரித்துப்போய்விட்டது, அந்த உப்புதான் குழாயாக நின்றுகொண்டிருந்தது. 'பழைய குழாயைச் சுரண்டாதே' என்பது அவர்கள் தொழிலில் பாலபாடம். டாக்டரம்மாவிடம் சொல்லலாம் என்று பார்த்தான். வாய் நிறையப் பஞ்சு இருந்தது.

அவன் பயந்தது போலவே ஆயிற்று. சுத்தமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில், காலையில் பல் தேய்த்துத் துப்பினால் நுரை சிவப்பாக இருந்தது. மறுநாள் இன்னும் சிவப்பு. ரொட்டியைக் கடித்தால் ரொட்டியில் ரத்தம். தூங்கி எழுந்தால் தலையணையில் ஒரு பொட்டு. வாழ்நாளில் ஈறில் ரத்தம் பார்த்திராத மனிதன் அவன். டாக்டரம்மா சுரண்டி ஓட்டை போட்டுவிட்டார், இனி நிற்காது என்று முடிவு கட்டினான். ரத்தம் வருகிற பக்கம் பிரஷ்ஷை வைக்கப் பயந்து அந்தப் பக்கத்தையே விட்டான். விட்ட பக்கம் இன்னும் அதிகமாக வந்தது.

டாக்டரம்மாவிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த இடத்தில் நமக்கே கோபம் வருகிறது, அடுத்தவர் வீட்டுக்காரர்களிடம் "கசிய ஆரம்பிச்ச அன்னைக்கே கூப்பிடக் கூடாதா?" என்று சத்தம் போடுகிற ஆள்தானே இவன்? ஆனால் போய்க் காட்டினால் ரத்தத்தை அவர் பார்ப்பார். பார்த்தால் கிருமி என்று எழுதுவார். எழுதினால் தேதி போய்விடும். ஆகவே போகவில்லை.

அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்துவிட்டார்கள். அதற்கு முந்தின வாரம் பல் டாக்டரம்மா மறுபடி அளக்க வேண்டும். தேதி நெருங்க நெருங்க அவன் உப்புத்தண்ணீர் கொப்பளித்தான், மருந்துக்கடையில் கிடைத்த கழுவுநீர் எல்லாவற்றையும் கொப்பளித்தான், ஐஸ்கட்டியை ஈறில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ரத்தம் நிற்கவில்லை. ஒருநாள் கீழே கைகழுவும் தொட்டியைக் கழுவ மறந்துவிட்டான். பொடிசு பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே இது?"

"பிரஷ் குத்திடுச்சு."

"டாக்டரம்மாகிட்ட போய்க் காட்டேன்."

"உன் வேலையைப் பாரு பொடிசு."

அவனுடைய குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. அவள் முகம் ஊதியிருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இந்த முகத்துக்குப் போய், உன் தேதி என் ஈறில் தொங்குகிறது என்று எப்படிச் சொல்வது?

அந்த வாரம் ஒரு நாலு மாடிக் கட்டடத்தில் வேலை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குழாய் மாற்றிக்கொண்டிருந்தான். அங்கே பூச்சு வேலை செய்த மேஸ்திரி, பழைய சிநேகிதன், பக்கத்தில் வந்து குந்தினான். குழாய்க்காரன் துப்பியதைப் பார்த்து, "என்ன மாப்ள, வெத்தலையா?" என்றான். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்த குழாய்க்காரனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத இடத்தில் ஆம்பளைகள் என்ன செய்வார்களோ அதைச் செய்தான். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து நீட்டினான். குழாய்க்காரன் வாங்கிக்கொண்டான். அன்றைக்கு அவன் இருந்த நிலையில் விஷத்தை நீட்டியிருந்தாலும் வாங்கியிருப்பான்.

மேஸ்திரியோடு வேலை இன்னும் சில நாள் இருந்தது. தினமும் இரண்டு மூன்று என்று ஆயிற்று. தேதி எப்படியும் போகத்தான் போகிறது, தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்கிற மனநிலை. ஆனால் ஒரு காலையில் துப்பிப் பார்த்தால் நுரையில் சிவப்பு வெளுத்திருந்தது. இன்னும் சில நாளில் ரோஜா நிறம். அப்புறம் வெறும் நுரை.

கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மெதுவாக யோசித்துப் பார்த்தான். சிகரெட் இருந்தவரை ரத்தம் இல்லை. நிறுத்தியதும் ரத்தம். திரும்பத் தொட்டதும் நின்றுவிட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, வால்வு அகப்பட்டுவிட்டது. கசிவு நின்றால் வேலை முடிந்தது என்பதுதான் அவன் தொழில். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, காய்ந்த இடத்தைக் காட்டி, கை கழுவிவிட்டுப் போகிற தொழில். அளந்து முடிக்கிற வரைக்கும் பிடிப்பது, அப்புறம் அடியோடு விட்டுவிடுவது என்று திட்டம் போட்டான். பெரிய டாக்டருக்கு எப்படித் தெரியப்போகிறது? வாய் நாற்றம்தானே காட்டிக்கொடுக்கும்? அதற்குக் கிராம்பு இருக்கிறது.

டாக்டரம்மா அளந்த அன்று அவன் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தான். கம்பி ஒவ்வொரு பல்லாக இறங்கி ஏறியது.

"ரத்தமே இல்லையே" என்றார் டாக்டரம்மா.

குழாய்க்காரனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"குழி நான் நெனச்ச அளவுக்குக் குறையல. ஏன்னு தெரியல. ஆனா சீழ் இல்ல, ரத்தம் இல்ல. ஆபரேஷனுக்குத் தடை சொல்ல மாட்டேன். முடிஞ்ச பிறகு வாங்க, திரும்பப் பாப்போம்."

அன்று வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். ஓட்டுநர் மாப்பிள்ளை, "மச்சான் வாய்க்கே சர்டிபிகேட் குடுத்துட்டாங்களா? இத்தனை வருஷமா அந்த வாயை நாங்கதான் தாங்குனோம்" என்றார். பொடிசு மட்டும் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏதோ கேட்க வாயெடுத்தவள் போலப் பார்த்து, கேட்காமல் எழுந்துபோனாள்.

சிகரெட்டை அன்றே நிறுத்தினான். மருத்துவமனையில் சேர்த்ததும் ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் பெரிய டாக்டர் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"சிகரெட் பிடிச்சிருக்கீங்க."

"இல்லீங்க."

"சிறுநீர்ல நிகோடின் தேடுவோம், விட்டாலும் சில நாள் தங்கும். எல்லாக் கொடையாளிக்கும் பண்றதுதான். இருக்கு, நிறையவே இருக்கு."

குழாய்க்காரன், ஈறுக்காகத்தான் பிடித்தேன் என்று ஆரம்பித்தான். சொல்லச் சொல்ல அது குடிகாரன் சாக்குப்போல அவன் காதுக்கே கேட்டது. பெரிய டாக்டர் கடைசிவரை கேட்டார், கத்தவில்லை. நாளைய ஆபரேஷன் அறையை வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டதாகவும், எட்டு வாரம் ஒன்றுகூடத் தொடாமல் இருந்து சோதனையில் தேறினால் மறுபடி தேதி தருவதாகவும் சொன்னார். "அதுவரைக்கும் உங்க தங்கச்சிக்குக் காய்ச்சல் வராம இருக்கணும். அது என் கையில இல்ல" என்றார்.

அங்கிருந்து இரண்டு தெருவையும் ஓடிக் கடந்து டாக்டரம்மாவிடம் போனான். ஈறுக்காகத்தான் பிடித்தான், வேறு கெட்ட எண்ணம் இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் பெரிய டாக்டர் மனம் இரங்கமாட்டாரா என்று ஒரு நப்பாசை. மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினான். பழைய குழாய், உப்பு, சுரண்டல், ரத்தம், மேஸ்திரி, வால்வு. டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"டீ குடிப்பேன்னு சொன்னீங்களே" என்றார்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சிகரெட்டு ஈறுல இருக்கிற பொடி ரத்தக்குழாயை எல்லாம் நசுக்கி வச்சிடும். உள்ள கிருமி எலும்பைத் தின்னாலும் வெளிய ரத்தம் வராது. அதனாலதான் உங்களுக்கு முதல்லயே வரல. நீங்க விட்டதும் அந்தக் குழாய்ங்க திரும்ப வேலை செய்ய ஆரம்பிச்சது. உடம்பு முழிச்சுக்கிட்டது. ரத்தம் வந்தது நல்லதுக்குங்க. அந்தப் பக்கத்தையும் விடாம தேய்ச்சுக்கிட்டு வந்திருந்தா கொஞ்ச நாள்ல தானா நின்னிருக்கும், குழியும் குறைஞ்சிருக்கும்."

"நல்லதுக்கா?"

"ஆமா. பழக்கம் இருந்துதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா முதல் நாளே சொல்லி அனுப்பியிருப்பேன், ரத்தம் வரும், பயப்படாதீங்கன்னு. நானும் கறையைப் பாத்துட்டு இன்னொரு தடவை கேட்டிருக்கணும்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கெட்டால் தவளையோடு போயிற்று. இங்கே வாய் ஒருத்தனுடையது, கேடு இன்னொருத்திக்கு.

பொடிசு எந்திரத்தில் இருந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து அவளிடம் சொன்னான். எதையும் விடவில்லை. டியூபுகளில் அவள் ரத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. முடியும்வரை அவள் அந்த டியூபைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்ணே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"வாசனை. கிராம்பையும் மீறி வந்துச்சு. உனக்கு ஆபரேஷன் பயம், அதான் திரும்பப் பிடிக்கிறேன்னு நெனச்சேன்."

"கேட்டிருக்கலாமே பொடிசு."

"கேட்டா, ஆமா பயமா இருக்கு, வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு இருந்துச்சு." அவள் டியூபிலிருந்து கண்ணை எடுத்தாள். "எனக்குச் சாக இஷ்டம் இல்லண்ணே. அதான் கேக்கல."

குழாய்க்காரன் வாய்விட்டு அழுதான். நர்ஸ் வந்து வெளியே போய் அழச் சொன்னாள். கண்ணாடிக் கடையில் முன்பின் தெரியாதவன் மூக்கைப் பற்றிக்கூட உண்மை சொல்கிறவள், சொந்த அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்கப் பயந்து வாயை மூடிக்கொண்டாள். அவனும் பயந்தான். ஒரே பயத்தை இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

அதன் பிறகு அவன் சிகரெட்டைத் தொடவில்லை. மேஸ்திரியைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தான். ஈறில் மறுபடி ரத்தம் வந்தது. டாக்டரம்மா சொன்னபடி, ரத்தம் வருகிற இடத்தில்தான் அதிகம் தேய்த்தான். பல்லிடுக்கில் நூல் விட்டு இழுத்தான். காலையில் தொட்டி சிவப்பாவதைப் பார்த்து, சீக்கிரம், சீக்கிரம் என்று தன் வாயையே கெஞ்சினான். ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்கியது.

எட்டு வாரத்தில் பாதி போயிருந்தபோது பொடிசுக்குக் குளிர் வந்தது. இரண்டு போர்வை போர்த்தியும் பல் தந்தியடித்தது. ஓட்டுநர் மாப்பிள்ளை அவளைத் தூக்கிக்கொண்டு ஓட, பின்னாலேயே குழாய்க்காரன் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடினான். கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்து, இதய வால்வில் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது என்றார்கள். ஊசி மருந்துகளை மாற்றி மாற்றிப் போட்டார்கள். எதற்கும் காய்ச்சல் மசியவில்லை.

அவன் பெரிய டாக்டரின் அறை வாசலில் நின்று, அவர் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இப்பவே எடுத்துக்கோங்கய்யா. என் நுரையீரல் என்ன ஆனா என்ன. நான் எழுதித் தர்றேன்."

"உங்க நுரையீரல் இல்லய்யா இப்ப பிரச்சினை. ரத்தத்துல கிருமி இருக்கிறப்ப புதுச் சிறுநீரகம் வைக்கவே முடியாது. வச்சா அன்னைக்கே போயிடுவாங்க." அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. "முதல்ல குறிச்சிருந்த தேதியில அவங்க நல்லாத்தான் இருந்தாங்க" என்றார். சொல்லியிருக்க வேண்டாமே என்பதுபோல் உடனே வேறு பக்கம் பார்த்தார்.

பொடிசு அந்த வாரமே செத்துப்போனாள். கடைசியில் அவளுக்கு நினைவில்லை. ஓட்டுநர் மாப்பிள்ளை யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று குழாய்க்காரன் நினைத்தான். ஒரே வீட்டில், மாடியில் ஒருவரும் கீழே ஒருவருமாக, இரண்டு ஆண்கள் ஒருவர் காலடிச் சத்தத்தை ஒருவர் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். காலையில் எழுந்து அவன் பல்லைத் தேய்த்தான், நூல் விட்டு இழுத்தான். கை அது பாட்டுக்குச் செய்தது.

ஒரு காலையில் பல் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். எட்டு வாரம் முடிந்து அளக்கிற நாள் வந்துவிட்டது, மறந்துவிட வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னாள். நடந்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் "வர்றேன்" என்றுதான் வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டரம்மா கம்பியை எடுத்தார். ஒவ்வொரு பல்லாக இறக்கினார். பாதி வாய் வந்ததும் அவர் கண் விரிந்தது. முழுவதும் அளந்து முடித்து, முகமூடியைக் கீழே இறக்கினார். முகம் பூராவும் சந்தோஷம்.

"இப்படி ஆறி நான் பாத்ததே இல்ல. ஏழு இருந்த எடம் மூணுக்கு வந்திருக்கு. ஈறு கல்லு மாதிரி பிடிச்சிருக்கு. ஒரு பொட்டு ரத்தம் இல்ல. இது நெஜமாவே ஆறினது, போன தடவை மாதிரி இல்ல. சிகரெட்டு ஒண்ணுகூடப் பிடிக்கல, இல்லையா?"

"இல்லம்மா."

"தெரியுது. வாயைக் கொப்பளிச்சுக்கோங்க."

அவன் எழுந்து உட்கார்ந்து, கோப்பையை எடுத்துக் கொப்பளித்துத் துப்பினான். தண்ணீர் தெளிவாக இருந்தது. அது ஓடி முடியும்வரை குனிந்தே இருந்தான்.

"இனி வாயில ஒரு தடையும் இல்ல. நாளைக்கே வேணும்னாலும் குடுக்கலாம்" என்றார் டாக்டரம்மா, கையைக் கழுவிக்கொண்டே. "போய்த் தங்கச்சிகிட்ட சொல்லுங்க, அண்ணன் தயாருன்னு."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்றேம்மா" என்றான்.